வெல்வெட் கோட்டு போட்ட மடிக்கணினி

அந்த வீட்டில் உடை போடாமல் தப்பித்த பொருள் ஒன்றே ஒன்றுதான். கூரையில் சுற்றும் மின்விசிறி. அதற்கும் ஒருமுறை பூப்போட்ட உறை தைத்து மாட்டிப் பார்த்தாயிற்று. சுவிட்சைப் போட்டதும் உறை விர்ரென்று பறந்து வந்து, கீழே நாளிதழ் படித்துக்கொண்டிருந்த அப்பாவின் தலையில் தொப்பியாக உட்கார்ந்துவிட்டது. அன்றோடு விட்டுவிட்டார்கள்.

மற்றபடி எல்லாவற்றுக்கும் உடை உண்டு. தொலைக்காட்சிக்குப் பாவாடை. மிக்சிக்குச் சட்டை. ஃபிரிட்ஜின் கைப்பிடிக்குக் கையுறை. கடிகாரத்துக்குக்கூட ஓரத்தில் லேஸ் வைத்த கழுத்துப்பட்டி.

காரணம், அம்மா தையல்காரர். அவர் கால் வைத்தால் தையல் இயந்திரம் குதிரை மாதிரி ஓடும். தெருவில் போகிறவரை ஒரே ஒரு பார்வை பார்த்துவிட்டு அவருடைய தோளளவு, இடுப்பளவு, காலையில் எத்தனை ரொட்டி சாப்பிட்டார் என்பதுவரை சொல்லிவிடுவார்.

அப்பாவுக்கு வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. எந்தப் பெட்டியையும் கண்ணை மூடிக்கொண்டு பதினொரு நொடியில் டேப் ஒட்டி மூடுவார். அண்ணன் பெரிய வகுப்பில் படித்தான். மூக்குக்குக் கீழே புதிதாக வந்திருந்த ஏழு மீசை முடிகளை ஒரு நாளைக்கு எழுபது முறை கண்ணாடியில் எண்ணிப் பார்ப்பது அவனுடைய உபதொழில்.

கடைக்குட்டிக்குப் பத்து வயது. அவளுடைய நிஜப் பெயர் பள்ளி வருகைப் பதிவேட்டில் மட்டும் வாழ்ந்துவந்தது. மற்ற எல்லாருக்கும் அவள் குண்டூசி. ஆளும் ஒல்லி, கேட்கும் கேள்வியும் சுருக்கென்று குத்தும்.

இந்த நாலு பேருக்கும் சேர்த்து வீட்டில் இருந்தது ஒரே ஒரு செல்பேசி. அதன் திரை சிலந்தி வலை மாதிரி விரிசல் விட்டிருந்தது. அதன் கேமராவில் பார்த்தால் யாராக இருந்தாலும் மீன் தொட்டிக்குள் நீந்துகிறவர்கள் போலத் தெரிவார்கள்.

அதனால் ஒரு வருடம் பொறுத்திருந்து, ஒரு நல்ல நாளில் நாலு பேரும் மடிக்கணினி வாங்கக் கிளம்பினார்கள். தலைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட உடை அணிந்து, ஏதோ பெண் பார்க்கப் போவது மாதிரி.

கடைக்காரர் முதலில் வெள்ளி நிறத்தில் ஒன்றைக் காட்டி விலையைச் சொன்னார். அப்பா அதிலிருந்து மூன்றடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். கை பட்டால்கூடக் காசு கேட்பார்களோ என்று பயம்.

"அப்போ இதப் பாருங்க சார்" என்று சாம்பல் நிறத்தில் இன்னொன்றை எடுத்து வைத்தார் கடைக்காரர். "ஆள் பாக்க சாதுவா இருப்பான். ஆனா அம்மாவோட வேலை, பசங்க படிப்பு, சாயங்காலம் ஒரு படம், எல்லாத்துக்கும் ஈடு கொடுப்பான். விலையும் கையைக் கடிக்காது. கடைசி பீஸ்."

"ஏதாவது கோளாறுன்னா?" என்றார் அப்பா.

"ஏழு நாள் டைம். ஏழாவது நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள பெட்டியோட கொண்டு வாங்க, பணம் வாபஸ். ஆறு மணி ஒரு நிமிஷம் ஆச்சுன்னா நீங்க யாரோ, நான் யாரோ."

சாம்பல் நிற மடிக்கணினி குண்டூசியின் மடியில் உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தது. வழியெல்லாம் அவள் மூச்சுக்கூட மெதுவாகத்தான் விட்டாள்.

அன்றைக்கே சுவரில் ஒரு கால அட்டவணை ஏறிவிட்டது. காலையில் அம்மா உடைகளுக்குப் படம் வரைய. மதியம் அண்ணன் பாடம் கேட்க. மாலையில் குண்டூசி, எறும்புகளைப் பற்றிப் பள்ளிக்குக் கட்டுரை எழுத. இரவு சாப்பிட்டபின் அப்பா நகைச்சுவைப் படம் பார்க்க.

ஆகா, அந்த முதல் இரண்டு நாட்கள்! அம்மா வரைந்த பாவாடை திரையில் நீலத்திலிருந்து சிவப்பாக மாறியபோது அவர் கைதட்டிய சத்தத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றுவிட்டது. அப்பா சிரித்த சிரிப்பில் சன்னல் கதவு தானாகத் திறந்துகொண்டது. குண்டூசி ஒரே மாலையில் பதினாறு வகை எறும்புகளைப் பார்த்தாள். கனவிலும் அவை வரிசையாக வந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போயின.

மூன்றாம் நாள் மதியம் அம்மா சொன்னார்: "பாவம், புதுசா வந்த பிள்ளை. ஒரு துணிமணி இல்லாம நிக்குது."

"ஐயோ, ஆரம்பிச்சாச்சு" என்றான் அண்ணன்.

"நீ பேசாதடா. உன் தொட்டிலுக்கே கோட்டு தைச்சவ நான்."

அம்மா தைத்தார். அது உறை இல்லை, கோட்டு! வெளியே ஊதா வெல்வெட், நடுவில் விரல் கனத்துக்கு ஸ்பாஞ்சு, உள்ளே பளபளக்கும் பட்டுத்துணி. புத்தகத்துக்கு அட்டை போடுவது போல மேல் மூடிக்கு ஒரு பாதி, அடிப்பகுதிக்கு ஒரு பாதி. திறந்தால் திரையும் விசைகளும் மட்டும்தான் வெளியே தெரியும். மேல் மூடியில் ஒரு காலர், மவுஸுக்குத் தனியாக ஒரு பை, மொத்தம் பதினேழு முத்துப் பொத்தான்கள். சார்ஜர் வயர் நுழைவதற்குப் பொத்தான் துளை மாதிரி அழகாக ஒரு காஜாவும் எடுத்திருந்தார். நெஞ்சுப் பகுதியில் தங்க நூலால் நாலு பேரின் முதல் எழுத்துகள்.

போட்டுப் பார்த்தபோது மடிக்கணினி ஏதோ ஒரு நாட்டு இளவரசர் போல இருந்தது. சட்டை தைக்க வந்தவர்களையெல்லாம் அம்மா உட்காரவைத்துக் காட்டினார். "எல்லாம் என் கை வேலைதான்" என்று சொல்லும்போது அவர் முகம் நூறு வாட்ஸ் பல்பு.

அன்று மாலைதான் வில்லங்கம் தொடங்கியது.

குண்டூசி எறும்பின் ஆறாவது காலைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். திரை 'டப்'பென்று இருண்டது.

"நீ எதையோ அமுக்கிட்ட" என்றான் அண்ணன்.

"நான் 'எறும்பு'ன்னுதான் அமுக்கினேன்!"

சற்று நேரம் கழித்துப் போட்டால் எழுந்துகொண்டது. இருபது நிமிடம் போனதும் மறுபடி 'டப்'. இரவில் அப்பாவின் படத்தில் ஒரு குண்டு மனிதர் ஏணியிலிருந்து விழப் போன அந்த நொடியில் 'டப்'. விழுந்தாரா இல்லையா என்று தெரியாமல் அப்பா இரவு முழுக்கப் புரண்டு படுத்தார்.

நாலாம் நாளும் அப்படியே. ஐந்தாம் நாளும் அப்படியே. அண்ணன் கடைக்குத் தொலைபேசினான். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க தம்பி" என்றார்கள். "அதுவேதாங்க ஆஃப் ஆகுது, நாங்க பண்ணவே வேண்டாம்" என்றான் அண்ணன்.

மாடி வீட்டு மாமா வந்து பார்த்தார். அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை, என்ன, சரியாகத் தெரிந்த விஷயமும் இல்லை. காதை மடிக்கணினியின் காலருக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டுவிட்டு, "வைரஸ். வயசான வைரஸ். இருமல் கேட்குது பாரு" என்றார்.

ஏழாம் நாள் வந்தது. விடுமுறை நாள். அப்பா பரணிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கித் தூசி தட்டினார்.

"இன்னைக்கு ஆறு மணிதான் கெடு. திருப்பிக் கொடுத்திடலாம்" என்றார்.

"ஏங்க, நாலரைக்கு நாடகக்காரம்மா வீடியோல பேசறாங்க. நாற்பத்திரண்டு உடுப்புங்க! படம் எல்லாம் இதுலதான் இருக்கு" என்றார் அம்மா.

நாடகக்காரம்மா வேறு ஊரில் ஒரு நாடகக் குழுவை நடத்துகிறவர். காட்டு விலங்குகள் நாடகம் போடுகிறார். அம்மாவுக்கு வாழ்நாளில் இவ்வளவு பெரிய வேலை வந்ததே இல்லை.

அப்பா யோசித்தார். "சரி. பேசு. இருபது நிமிஷம் தாண்டி நல்லபடியா ஓடினா இது நம்ம வீட்டுப் பிள்ளை. நடுவுல ஆஃப் ஆச்சுன்னா நேரா பெட்டிக்குள்ள. நான் டேப்போட பக்கத்துலயே நிக்கறேன்."

"வேற ஒண்ணு மாத்தித் தருவாங்களாப்பா?" என்று கேட்டாள் குண்டூசி.

"இந்த விலைக்கு இதுதான் கடைசி பீஸ்னு சொன்னாரே கண்ணு."

குண்டூசி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனாள். எறும்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில், எப்போதெல்லாம் 'டப்' ஆனது என்று அவள் குறித்து வைத்திருந்தாள். அதைப் பிரித்துப் பார்த்தாள்.

முதல் நாள், இல்லை. இரண்டாம் நாள், இல்லை. மூன்றாம் நாள் காலை, இல்லை. மூன்றாம் நாள் மாலையிலிருந்து, டப், டப், டப்.

'மூணாம் நாள் மதியம் அப்படி என்ன ஆச்சு?'

மடிக்கணினி அவள் மடியில் ஓடிக்கொண்டிருந்தது. கால் சுட்டது. குண்டூசி வெல்வெட்டுக்கு உள்ளே மெல்லக் கையை நுழைத்தாள்.

"ஆ!"

இஸ்திரிப் பெட்டி தோற்றது!

கிடுகிடுவென்று பொத்தான்களைக் கழற்றினாள். ஒன்று, இரண்டு... பதினேழு. கோட்டு கழன்று வந்தது. மடிக்கணினியைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னப் பிளவுகள். உள்ளே ஒரு குட்டி விசிறி 'உஸ்... உஸ்...' என்று சுற்றி, சூடான காற்றை அவள் விரல்மேல் ஊதியது. வெயிலில் ஓடி வந்தவன் மூச்சு வாங்குவது போல.

"அட என் தங்கமே! உனக்கு வேர்த்துக் கொட்டுதா?"

கோட்டில்லாமல் மேசையில் வைத்து எறும்புப் படம் ஒன்றைப் போட்டாள். இருபது நிமிடம் ஆயிற்று. முப்பது ஆயிற்று. நாற்பது ஆயிற்று. எறும்புகள் புற்றைக் கட்டி முடித்து, குடிபுகுந்து, முட்டையும் இட்டுவிட்டன. திரை இருளவே இல்லை!

குண்டூசி மூன்று முறை குதித்தாள். மூன்றாவது குதியில் அண்ணன் ஓடி வந்தான்.

"கோட்டுதான்டா அண்ணா! கோட்டு மூச்சுத் துளையை அடைச்சிருக்கு!"

அண்ணன் மடிக்கணினியைத் தொட்டுப் பார்த்தான், சுடவில்லை. அவன் கண்கள் விரிந்தன. "ஓடு! போய் அம்மாகிட்ட சொல்லு, உங்க கோட்டுதான் வில்லன்னு."

குண்டூசி வாசல்வரை ஓடி, சட்டென்று நின்றாள். முன்னறையில் அம்மா ஒரு வாடிக்கையாளரிடம் கோட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். "மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்துட்டு எம்ப்ராய்டரி போட்டேங்க. நாலு பேர் எழுத்தும் இருக்கு."

குண்டூசி திரும்பி வந்தாள். "இப்படியே போய்ச் சொன்னா அம்மா முகம் சுருங்கிடும்டா."

"சொல்லலைன்னா லேப்டாப் போயிடும். மணி இப்பவே மூணு."

"சொல்லத்தான் போறேன். எப்படிச் சொல்றதுன்னுதான் யோசிக்கிறேன்."

ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு மடிக்கணினிக்கு மறுபடி கோட்டை மாட்டினாள். பதினேழு பொத்தானும் போட்டாள். உள்ளே சூடேறும்வரை ஐந்து நிமிடம் ஓடவிட்டாள். அதைக் கைக்குழந்தை போலத் தோளில் சாய்த்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். வந்தவர் கிளம்பிப் போயிருந்தார்.

"டெய்லரம்மா, டெய்லரம்மா! ஒரு கஸ்டமர் வந்திருக்கார்."

அம்மா ஊசியில் நூல் கோத்தபடியே சிரித்தார். "வாங்க, உட்காருங்க. என்ன வேணும்?"

"இந்தக் கோட்டு ரொம்பப் பிடிச்சிருக்காம். இவ்வளவு அழகா யாருமே தைச்சதில்லையாம். ஆனா ஒரு ஆல்டரேஷன் வேணுமாம்."

"என் தையல்ல ஆல்டரேஷனா? எங்கே பிடிக்குது? அக்குளா, கழுத்தா?"

"நீங்களே தொட்டுப் பாருங்க."

அம்மா வழக்கம்போல அளவு பார்க்கக் கையை உள்ளே விட்டார். மறு நொடி கையை உதறினார். பொத்தான்களைக் கழற்றினார். அடியில் இருந்த பிளவுகளைப் பார்த்தார். விசிறி ஊதிய காற்று அவர் நெற்றி முடியைத் தூக்கியது.

குண்டூசி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி மகளே..." என்றார் அம்மா. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கொளுத்தற வெயில்ல கம்பளி போத்தின மாதிரி இல்ல செஞ்சு வச்சிருக்கேன்! இவ்வளவு நாள் தாங்கினதே பெருசு. வேற பிள்ளையா இருந்தா முதல் நாளே கத்தி ஊரைக் கூட்டியிருக்கும்."

"கோபமில்லையாம்மா?"

"எதுக்குடி கோபம்? போட்டவங்களுக்குப் புழுங்குதுன்னா தைச்சவதான் பிரிச்சுத் தைக்கணும். மணி என்ன?"

"மூணு பத்து!"

"கத்தரிக்கோலை எடு!"

அடுத்து நடந்ததைப் பார்த்திருந்தால் தீயணைப்புப் படையே வெட்கப்பட்டிருக்கும். அம்மா கோட்டின் கீழ்ப்பாதியை ஒரே வெட்டில் எடுத்தார். ஸ்பாஞ்சு பறந்தது. பட்டுத்துணி பறந்தது. முத்துப் பொத்தான்கள் அறை முழுக்க ஓடிப் பிடித்து விளையாடின. மேல் மூடிக்கு மட்டும், உள்ளே ஸ்பாஞ்சு இல்லாத மெல்லிய சட்டையாகக் கோட்டு சுருங்கியது. காலரும் நாலு எழுத்தும் அப்படியே இருந்தன.

"அடியில காத்து போகணும்னா கொஞ்சம் தூக்கி நிக்கணும்மா" என்றாள் குண்டூசி. "எறும்புக்குக் கால் இருக்கற மாதிரி."

"நூல் தீர்ந்த கட்டை!" என்றார் அம்மா.

நூல் சுற்றிவரும் காலிக் கட்டைகள் நாலு, ஒரே உயரத்தில் வேண்டும். மூன்று உடனே கிடைத்தன. நாலாவது எங்கே? அண்ணன் மேசைக்கு அடியில் புகுந்தான். குண்டூசி தையல் பெட்டியைக் கவிழ்த்தாள். மணி நாலே கால்.

"இந்தா, கிடைச்சது!" என்றான் அண்ணன். "ஆனா இதுல பச்சை நூல் பாதி இருக்கே."

"சுத்து!" என்றார் அம்மா.

"எதுலம்மா சுத்தறது?"

"உன் மேலயே சுத்துடா, நேரமில்ல!"

அண்ணன் தன் கையில் நூலைச் சுற்றத் தொடங்கினான். முழங்கைவரை பச்சையாகிவிட்டான். நாலரைக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது நாலு கட்டைகளும் மேசைமேல் நின்றன. அவற்றின் மேல் மடிக்கணினி ஏறி நின்றது.

அப்பா பெட்டியோடும் டேப்போடும் பக்கத்தில் வந்து நின்றார். "என்ன இது, கால் முளைச்சிருக்கு?"

"பேசாம பாருங்கப்பா" என்றாள் குண்டூசி.

திரையில் நாடகக்காரம்மா தோன்றினார். பெரிய மூக்குக் கண்ணாடி, அதைவிடப் பெரிய குரல். "வணக்கம் டெய்லரம்மா! முதல்ல மரங்களைக் காட்டுங்க. என் மரங்களெல்லாம் ஆடணும், ஓடணும், தேவைப்பட்டா அழணும்."

அம்மா படங்களைக் காட்டினார். மரத்துக்கு முதுகில் ஜிப். முதலைக்கு உட்காரும்போது மடங்கும் வால். யானைக்குத் தும்பிக்கையில் கைவிட ஒரு துளை.

பத்து நிமிடம். பதினைந்து. அப்பா டேப்பின் நுனியை நகத்தால் கீறி எடுத்து வைத்துக்கொண்டார். பதினெட்டு. பத்தொன்பது. அண்ணன் தன் ஏழு மீசை முடிகளையும் மறந்தான். குண்டூசி மேசைக்கு அடியில் உட்கார்ந்து, நூல் கட்டைகளுக்கு நடுவே அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

இருபது.

யாரும் மூச்சு விடவில்லை. மடிக்கணினி மட்டும் மெல்ல 'உஸ்' என்று விட்டது.

இருபத்தொன்று. இருபத்திரண்டு. இருபத்தைந்து!

"சிங்கத்துக்குப் பிடரி பத்தாது" என்றார் நாடகக்காரம்மா.

"இப்பவே பெருசாக்கிக் காட்டறேன்" என்று அம்மா விசைகளைத் தட்டினார். திரையில் சிங்கத்தின் பிடரி பூசணிக்காய் அளவுக்கு உப்பியது. பிறகு குடை அளவுக்கு. பிறகு சிங்கமே தெரியவில்லை, வெறும் பிடரி மட்டும் இருந்தது.

"அதுதான்! அதேதான்! என் சிங்கம் மேடையில நுழைஞ்சா முன் வரிசைக்காரங்க பயந்து பின் வரிசைக்கு ஓடணும். நாற்பத்திரண்டும் நீங்களே தைச்சுக் கொடுங்க டெய்லரம்மா!"

அப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "கர்ர்ர்!" என்று ஒரு கர்ஜனை விட்டார். நாடகக்காரம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரைக்கு நெருங்கி வந்தார். "யாரது? நல்ல குரலா இருக்கே! இன்னொரு தடவை கத்தச் சொல்லுங்க."

அப்பா இன்னொரு தடவை கர்ஜித்தார். அண்ணன் பச்சைக் கையை ஆட்டி மரமாக நின்றான். குண்டூசி மேசைக்கு அடியிலிருந்து எறும்பாக ஊர்ந்து வந்தாள். எறும்பும் நாடகத்தில் உண்டா என்று கேட்டாள். இல்லை, ஆனால் இருந்தே ஆக வேண்டும் என்றார் நாடகக்காரம்மா. உடனே அம்மா புதிய பக்கம் திறந்து எறும்புக்கு ஆறு கால் வைத்த சட்டை வரையத் தொடங்கினார். எந்தக் கை எந்தக் காலில் நுழையும் என்று நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்திச் சண்டை போட்டார்கள்.

சுவரில் கடிகாரம் ஆறு அடித்தது. யாருக்கும் கேட்கவில்லை. ஆறு மணி ஒரு நிமிடமும் ஆயிற்று. அப்போது எறும்புக்கு ஐந்தாவது கால் முடிந்து, ஆறாவது கால் வளர்ந்துகொண்டிருந்தது.